மல்லாத்திப் படுக்க வைக்க முடியாத குழந்தைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் ஞாயிறு இதழில் சிசுக்களின் உறக்கம் பற்றி வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். பிறந்த குழந்தையை மல்லாத்தியே படுக்க வைக்க வேண்டும், மெத்தை இறுக்கமானதாக இருக்க வேண்டும், தொட்டிலுக்குள் தலையணையும் பஞ்சுப் பொம்மையும் வேண்டாம் என்று அதில் சொல்லப்பட்டவை அனைத்தும் சரியானவை. 1991இல் பிரித்தானியாவிலும் 1994இல் அமெரிக்காவிலும் இதே அறிவுரை பெற்றோரிடம் பெருமெடுப்பில் கொண்டு செல்லப்பட்ட பின்னர், உறக்கத்திலேயே காரணம் தெரியாமல் இறந்துபோகும் சிசுக்களின் தொகை பாதிக்கும் கீழே குறைந்தது. ஆகவே அந்த அறிவுரையுடன் எனக்குப் பிணக்கு இல்லை. ஆனால் கட்டுரையின் இறுதியில் ‘எந்தக் குழந்தையையும் எக்காரணம் கொண்டும்’ வேறு விதமாகப் படுக்க வைக்கக்கூடாது என்று ஒரு வரி இருந்தது. கொழும்பில் நீண்ட காலம் சிசுக்கள் விடுதியில் தாதிய உத்தியோகத்தராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில், அந்த ஒரு வரிக்கு விதிவிலக்கு உண்டு என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

கட்டுரை வெளிவந்த வாரத்தில் கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று என்னை அழைத்தது. அவர்களுடைய பெண் குழந்தைக்குக் கீழ்த்தாடை மிகச் சிறியது. பக்கவாட்டில் படுக்க வைத்து, முதுகுக்குப் பின்னால் சீலையைச் சுருட்டி அண்டை கொடுக்குமாறு வைத்தியசாலையில் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கட்டுரையை வாசித்த குழந்தையின் பெரிய மாமி, தாய்க்கு விபரம் தெரியாது என்று எண்ணி, உறங்கிக்கொண்டிருந்த பிள்ளையை நல்ல மனதோடு மல்லாத்திவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது தாய் குழந்தையை மறுபடி சரித்துப் படுக்க வைத்திருந்தாள். என்ன நடந்தது என்பதைக் காட்டுவதற்காக என் கண் முன்னே சில கணங்கள் மட்டும் மல்லாத்தினாள். குறட்டை போன்ற சத்தம் உடனே எழுந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக் குழியும் விலாவின் கீழ்ப்பகுதியும் உள்ளே குழிந்தன. பிறகு சத்தம் நின்றது. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்ததே தவிர, மூக்கருகே வைத்த என் விரலில் காற்றுப் படவில்லை. பக்கவாட்டில் திருப்பியதும் குழந்தை ஒரு முறை நீளமாக மூச்சை இழுத்து, எதுவும் நடவாததுபோல் உறங்கிற்று. சத்தம் நின்றுவிட்டதைக் கண்டு குழந்தை நிம்மதியாக உறங்குகிறது என்று அந்தப் பெரிய மாமி நினைத்ததில் வியப்பில்லை. பழக்கம் இல்லாத எவரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

இந்நிலையைப் பிரான்ஸ் நாட்டு வாய்நோய் மருத்துவர் பியர் றொபின் 1923ஆம் ஆண்டில் விபரித்து எழுதினார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. கருவில் ஏழாம் வாரத்துக்கும் பதினோராம் வாரத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் கீழ்த்தாடை போதிய அளவு வளராவிட்டால், நாக்குக்குக் கீழே இறங்க இடம் கிடைக்காமல் அது மேலே தங்கிவிடுகிறது. இரு புறமிருந்தும் வந்து நடுவில் இணைய வேண்டிய மேலண்ணத்தின், அதாவது வாயின் மேற்கூரையின், தட்டுகளுக்கு அது குறுக்கே நிற்பதனால், பல குழந்தைகளுக்கு அகன்ற அண்ணப் பிளவும் சேர்ந்தே உண்டாகிறது. நாக்கை முன்னோக்கி இழுத்து வைத்திருக்கும் முதன்மையான தசை தாடையின் உட்புறத்தில், நாடியின் பின்னால்தான் பிணைந்திருக்கிறது. கட்டுத்தறியைப் பின்னால் நட்டால் மாடும் பின்னால் நிற்பதுபோல, தாடை பின்தங்கியிருக்கும் குழந்தையின் நாக்கும் பின்தங்கியே இருக்கும். மல்லாந்து உறங்கும்போது தசைகள் தளர, புவியீர்ப்பும் சேர்ந்து நாக்கைத் தொண்டையின் பின்சுவரோடு அழுத்திவிடுகிறது. பக்கவாட்டிலோ குப்புறவோ படுக்க வைத்தால் அதே புவியீர்ப்பு நாக்கை முன்னே விழச் செய்து மூச்சுக்கு வழிவிடுகிறது.

ஏறத்தாழ 8,500 முதல் 14,000 வரையான பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு இது ஏற்படுவதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. ஆண்டுக்கு இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான பிறப்புகள் நிகழும் நம் நாட்டுக்கு அந்தக் கணக்கைப் பொருத்திப் பார்த்தால், ஒவ்வோர் ஆண்டும் 15 முதல் 25 வரையான குடும்பங்கள் இந்தக் கவலையைச் சந்திக்கின்றன என்று கொள்ளலாம். எண்ணிக்கை சிறியதுதான். சிறியதாக இருப்பதனாலேயே அயலில் அனுபவப்பட்ட இன்னொரு தாய் இருப்பதில்லை. பாட்டிமாரின் கைமருத்துவத்திலும் இதற்கு வழியில்லை.

இந்த நோய் பிறந்த அன்றே கண்டுபிடிக்கப்பட்டுவிடும் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். தாடை வெளிப்படையாகவே சிறுத்து, அண்ணமும் பிளந்திருந்தால் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் மூச்சுத் தடை முதல் சில நாட்களில் இலேசாக இருந்து, அடுத்து வரும் வாரங்களில் கடுமையாவது இந்நோயின் இயல்புகளில் ஒன்று. சுகப்பிரசவமானால் தாயும் பிள்ளையும் ஓரிரு நாட்களிலேயே வீடு திரும்புவதால், கடுமையாகும் கட்டம் வைத்தியர்களின் பார்வைக்கு அப்பால் வீட்டில்தான் நிகழ்கிறது. அத்துடன், விழித்திருக்கும்போதும் அழும்போதும் இந்தக் குழந்தைகள் நன்றாகவே மூச்சு விடுவார்கள், திணறல் உறக்கத்தில்தான். கிளினிக்கில் தாயின் மடியில் விழித்திருக்கும் குழந்தையைப் பார்ப்பவர், இரத்தத்தின் ஒக்சிசன் அளவைக் காட்டும் ஒக்சிமீற்றரை விரலில் மாட்டி 98 வீதம் என்று கண்டால், தாய் வீணாகப் பயப்படுகிறாள் என்ற முடிவுக்கு வருவது எளிது. நான் கடமையில் இருந்த காலத்திலும் அப்படித் திருப்பி அனுப்பப்பட்டு, எடை குறைந்த நிலையில் மீண்டும் வந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

ஆதலால் பெற்றோருக்கு நான் சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள ஆலோசனை இதுதான்: குழந்தை உறங்கும்போது சட்டையை நெஞ்சுக்கு மேலே தூக்கிவிட்டு, விளக்கு வெளிச்சத்தில், சத்தமும் பதிவாகும்படி கைத்தொலைபேசியில் ஒன்றிரண்டு நிமிடம் காணொளி எடுங்கள். ‘ஏதோ ஒரு மாதிரி இழுக்கிறது, டொக்டர்’ என்று தாய் சொல்வதற்குக் கிடைக்காத கவனம் அந்தக் காணொளிக்குக் கிடைக்கும். அதைப் பார்த்த பின்னர் இரவு முழுவதும் ஒக்சிசன் அளவைப் பதிவு செய்வதா, வசதியுள்ள இடத்தில் முழுமையான உறக்கப் பரிசோதனை செய்வதா என்று வைத்தியர் தீர்மானிப்பார்.

பால் குடிக்கும் விதமும் நிறையவே சொல்லும். அரை மணித்தியாலத்துக்கு மேல் முயன்றும் பால் இறங்காமல் களைத்து உறங்கிவிடும் குழந்தை, பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கும் குழந்தை, மூக்கால் பால் வெளியேறும் குழந்தை, சில மிடறுகளுக்கு ஒருமுறை முலையை விட்டுவிட்டு மூச்சுக்கு அவதிப்படும் குழந்தை ஆகியோரின் தாய்மாருக்கு, ‘உனக்குப் பால் போதாது’ என்ற வசைதான் வீட்டில் முதலில் கிடைக்கிறது. அண்ணம் பிளந்திருந்தால் வாய்க்குள் உறிஞ்சும் அழுத்தமே உண்டாகாது. தாயிடம் எவ்வளவு பால் இருந்தாலும் குழந்தையால் அதை இழுத்தெடுக்க இயலாது. கறந்தெடுத்த தாய்ப்பாலை, அழுத்திப் பிழியக்கூடிய மென்மையான போத்தலின் மூலம், குழந்தையை நிமிர்த்தியோ பக்கவாட்டில் வைத்தோ கொடுக்கும் முறையைப் பேச்சு மொழிச் சிகிச்சையாளரோ பயிற்சி பெற்ற தாதியோ கற்றுத்தருவார்கள். அதுவும் போதாத இடத்து மூக்கு வழியே இரைப்பைக்குச் செல்லும் குழாயால் சில காலம் பால் கொடுக்க நேரிடலாம். மூச்செடுப்பதற்கே தன் சக்தியை எல்லாம் செலவிடும் குழந்தைக்கு எடை ஏறாது. ஆகவே சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் எடைக்கோடு சரிவதைக் காணும் குடும்பநல உத்தியோகத்தர், மா வகையை மாற்றுவது பற்றிப் பேசுவதற்கு முன்னர் குழந்தையின் தாடையைப் பக்கவாட்டிலிருந்து ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அண்ணத்தைப் பரிசோதிக்கும் முறை பற்றியும் ஒரு வார்த்தை. சுண்டுவிரலை வாய்க்குள் விட்டுத் தடவிப் பார்ப்பதோடு பல இடங்களில் காரியம் முடிந்துவிடுகிறது. பின்புறத்து மென்மையான அண்ணத்தில் மாத்திரம் உள்ள பிளவு விரலுக்குத் தப்பிவிடும். நாக்கை மெல்ல அழுத்தி, டோர்ச் வெளிச்சத்தில் அண்ணம் முழுவதையும் உள்நாக்கு வரை கண்ணால் பார்க்க வேண்டும் என்று பிரித்தானியாவின் குழந்தை மருத்துவத்துக்கான றோயல் கல்லூரி 2014இல் வழிகாட்டல் வெளியிட்டது. இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு டோர்ச்சும் நாவழுத்தியும் அரை நிமிடமும் போதும். எத்தனையோ செலவான திட்டங்களைப் பற்றிப் பேசும் நாம் இந்த அரை நிமிடத்தைச் செலவிடத் தயங்குவதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சிகிச்சையைக் குறித்துப் பெற்றோர் அஞ்சுவது இயல்பு. தொண்டையில் துளையிட்டுவிடுவார்களோ என்பதே அவர்களின் முதற் கேள்வியாக இருக்கிறது. பெரும்பாலான குழந்தைகள் அந்த நிலைக்குப் போவதில்லை. இலேசான பாதிப்புள்ளவர்களுக்குப் படுக்கும் நிலையை மாற்றுவதே போதுமானதாக இருக்கும். அது போதாதவர்களுக்கு, மூக்கு வழியாக நுழைத்து நாக்கின் பின்புறத்தைத் தாண்டி நிற்கும்படி அளவெடுத்து வெட்டிய மென்மையான குழாய் ஒன்று பொருத்தப்படுகிறது. சளியை உறிஞ்சியெடுக்கவும், குழாய் அடைபட்டால் உடனே கழற்றவும் தாயும் தந்தையும் விடுதியிலேயே பயிற்சி பெற்றுக்கொண்டால், அக்குழாயுடனேயே குழந்தையை வீட்டுக்குக் கொண்டு செல்லலாம். மாதங்கள் செல்லச் செல்லத் தாடை வளர்ந்து, நாக்கின் கட்டுப்பாடும் மேம்பட, குழாயின் தேவை நீங்கிவிடுவதுண்டு. இவற்றுக்கும் கட்டுப்படாத கடுமையான தடைக்கு நாக்கை உதட்டோடு தற்காலிகமாகத் தைத்து முன்னே நிறுத்தும் அறுவைச் சிகிச்சையும், தாடையெலும்பைச் சிறிது சிறிதாக நீட்டும் சிகிச்சையும் உள்ளன. பின்னதில் எலும்பை வெட்டிப் பொருத்திய கருவியின் திருகை நாளாந்தம் திருப்பி, ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் வீதம் இடைவெளியைக் கூட்டுகிறார்கள். இடைவெளியில் புதிய எலும்பு வளர்ந்து நிரப்பிவிடுகிறது. மனிதத் தாடையில் இதைச் செய்து பார்த்த அனுபவத்தை அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர் ஜோசப் மக்கார்த்தியும் அவருடைய குழுவினரும் 1992இல் வெளியிட்டார்கள். தொண்டையில் துளையிடுவது இவை எதுவும் கைகொடுக்காத குழந்தைகளுக்கே. அந்த நிலையிலும் அது உயிரைக் காக்கும் சிகிச்சை என்பதால் பெற்றோர் மறுத்துவிட்டு எழுந்துபோகக் கூடாது.

அண்ணப் பிளவை மூடும் அறுவை பொதுவாக ஒன்பது மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில் நடைபெறும். அண்ணத்தை மூடினால் மூச்சு வழி மேலும் ஒடுங்கக்கூடும் என்பதால், இந்தக் குழந்தைகளுக்கு அதைச் சற்றுத் தள்ளிப்போடுவதும் உண்டு. தாமதத்துக்குக் காரணம் வைத்தியரின் அசட்டை என்று எண்ணிவிட வேண்டாம். நடுக்காதில் நீர் தேங்கிக் கேட்கும் திறன் குறைவது அண்ணப் பிளவுள்ள பிள்ளைகளில் மிகச் சாதாரணம் என்பதால் செவிப்புலப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. இவர்களில் ஒரு பகுதியினருக்கு ஸ்டிக்லர் எனப்படும் மரபணுக் கோளாறு அடிப்படையில் இருக்கலாம். அதில் கடுமையான கிட்டப்பார்வையும் விழித்திரை கழன்றுவிடும் அபாயமும் உண்டு. மூச்சுப் பிரச்சினை தீர்ந்ததும் எல்லாம் தீர்ந்தது என்று கிளினிக் புத்தகத்தை அலுமாரியில் வைத்துவிடும் குடும்பங்களுக்குக் கண் பரிசோதனையை நினைவூட்ட எவரும் இருப்பதில்லை.

தாடை சரியாக இருந்தும் நாக்குப் பருத்திருப்பதால் மூச்சு அடைபடும் குழந்தைகளும் உள்ளனர். 1960களில் பெக்வித், வீடமான் என்னும் இருவர் தனித்தனியே விபரித்த நோயில், வாய்க்குள் அடங்காத பெரிய நாக்கோடு, பிறந்த முதல் நாட்களில் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்குவதும், பிற்காலத்தில் சிறுநீரகத்திலோ ஈரலிலோ கட்டி உண்டாகும் சாத்தியமும் சேர்ந்து வருகின்றன. அதனாலேயே அப்பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கான் எடுக்கச் சொல்கிறார்கள். தைரொயிட் குறைபாட்டுடன் பிறக்கும் குழந்தையின் நாக்கும் பருக்கலாம். குதிக்காலில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் செய்யப்படும் சோதனையால் அதை முன்கூட்டியே அறிந்து மாத்திரையால் சரிசெய்ய முடியும் என்பதால், ‘பச்சைப் பிள்ளையைக் குத்த வேண்டாம்’ என்று உறவினர் தடுப்பதைத் தயவுசெய்து கேளாதீர்கள். டவுன் நோய்க்கூறுள்ள பிள்ளைகளின் நாக்கு உண்மையில் அவ்வளவு பெரியதன்று. முகத்தின் நடுப்பகுதி சிறுத்து, தசைகளும் தளர்ந்திருப்பதனால் வாய்க்குள் நாக்குக்கு இடம் போதாமல் போகிறது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு உறக்கத்தில் மூச்சுத் தடை காணப்படுவதால், அறிகுறி இல்லாவிட்டாலும் நான்கு வயதுக்குள் உறக்கப் பரிசோதனை செய்ய வேண்டும் என அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பரிந்துரைக்கிறது. ‘இந்தப் பிள்ளைகள் அப்படித்தான் குறட்டை விடும்’ என்று சொல்லி விட்டுவிடுவது சரியன்று.

இன்று எங்கும் பேசப்படும் நாக்குக் கட்டு இந்த வகையைச் சேர்ந்ததன்று. நாக்கின் அடியிலுள்ள சவ்வு குட்டையாக இருப்பது சில குழந்தைகளுக்குப் பால் குடிப்பதில் சிரமம் தரலாம், மூச்சை அடைக்காது. சிறிய தாடையுள்ள குழந்தைக்கு யாரோ சொன்னார்கள் என்று அந்தச் சவ்வை வெட்டிவிட்டால், நாக்கு இன்னும் பின்னால் விழ வழியாகிவிடலாம் என்பதால், முதலில் தாடையைப் பார்த்த பின்னரே அதைப் பற்றி யோசிக்க வேண்டும். அதேபோல் தடிமனுக்கென்று பாமசியில் கேட்டு வாங்கும், உறக்கத்தை வரவழைக்கும் பாணி மருந்துகளை மூச்சு வழி ஒடுங்கிய சிசுவுக்கு ஒருபோதும் கொடுக்கக் கூடாது. எந்தச் சிறிய அறுவையானாலும், பல் பிடுங்குவதற்காக மயக்க மருந்து கொடுப்பதானாலும், தாடை சிறியது என்பதை மயக்க மருந்து வைத்தியரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும். இவர்களுக்குச் சுவாசக் குழாய் பொருத்துவது அனுபவசாலிகளுக்கும் கடினமான காரியம்.

தாயைக் குற்றவாளியாக்கும் பழக்கத்தைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. கிரகண நேரத்தில் வெளியே வந்தாள், கத்தியைக் கையில் எடுத்தாள் என்று வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்புகளில், படித்தவர்கள் வாயிலிருந்தே நான் கேட்டிருக்கிறேன். ஏழாம் வாரத்தில் பல பெண்களுக்குத் தாம் கர்ப்பம் என்பதே அப்போதுதான் தெரியவருகிறது. அதைச் சொன்ன பின்னரும் கிரகணத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களோடு வாதிட்டுப் பயனில்லை.

கொட்டாஞ்சேனைக் குடும்பத்துக்கு நேர்ந்தது வேறெவருக்கும் நேராதிருக்கச் சுகாதாரத் துறையினரால் செய்யக்கூடியது மிகச் சிறியது. குழந்தையை எந்நிலையில் படுக்க வைக்க வேண்டும், எந்நிலையில் கூடாது, எந்த அறிகுறி கண்டால் உடனே கொண்டுவர வேண்டும் என்பதை வைத்தியரின் கையொப்பத்துடன் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதுவும் பெற்றோர் வாசிக்கும் மொழியில் கொடுக்க வேண்டும். 1987 முதல் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. ஆயினும் பொரளைச் சிறுவர் வைத்தியசாலை போன்ற இடங்களை நாடி ஹற்றனிலிருந்தும் மன்னாரிலிருந்தும் இரவு பஸ்ஸில் வரும் தாய், சிங்களத்தில் வாய்மொழியாகக் கேட்ட அறிவுரையையும் ஆங்கிலத்தில் எழுதிய துண்டையும் எடுத்துக்கொண்டே ஊர் திரும்பும் நிலை பல வைத்தியசாலைகளில் இன்றும் காணப்படுகிறது. வாய்மொழியாகக் கேட்டதை வீட்டில் மாமியாரிடம் நிரூபிக்க அவளிடம் எதுவும் இல்லை. ஒரு கடதாசி இருந்திருந்தால் அந்தப் பெரிய மாமியே குழந்தைக்குக் காவலாக இருந்திருப்பார்.

தங்களிடம் நான் வேண்டுவது, அக்கட்டுரைக்கு ஒரு திருத்தக் குறிப்பை அதே பக்கத்தில் வெளியிட வேண்டும் என்பதே. நலமாகப் பிறந்த குழந்தைகள் அனைவரையும் மல்லாத்தியே படுக்க வைக்க வேண்டும் என்ற விதி அதில் மாறாமல் இருக்கட்டும். என் கடிதத்தை வாசித்துவிட்டு நலமான பிள்ளையை எவரும் குப்புறப் போட்டுவிடக் கூடாது. சிறிய தாடையோ பெரிய நாக்கோ உள்ளதாக வைத்தியர் கண்டு, ஒக்சிசன் அளவைச் சோதித்து, வேறு நிலையில் படுக்க வைக்குமாறு பணித்த குழந்தைக்கு அந்தப் பணிப்பையே பின்பற்ற வேண்டும் என்பதையும், வீட்டார் தாமாக அதைத் தொடங்கவோ மாற்றவோ கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தையின் உதடு நீலம் பாரித்தாலோ, நெஞ்சு குழிந்து மூச்சு நின்று நின்று வந்தாலோ, உடனே பக்கவாட்டில் சரித்து நாக்கு முன்னே விழும்படி செய்துவிட்டு, கட்டணம் இல்லாமல் வரும் சுவசெரிய அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்தில் அழைக்க வேண்டும் என்ற வரியைச் சற்றுப் பெரிய எழுத்தில் அச்சிட்டால் நன்று.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.